காறை எலும்பின் இடமாற்றம்

பெரியவள் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பம்ப் ஹவுஸில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும் வழியில், வால்வுக்காரர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். தன் இரண்டு பெண்களுக்கும் மனித எலும்புகளைப் பற்றித் தானே பாடம் நடத்துவது. அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே.

கல்வியின் மேல் அவருக்குத் திடீரென்று பற்று வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பற்றெல்லாம் தன்னுடைய காறை எலும்பின் மேல்தான்.

ஊருக்குத் தண்ணீர் விடுகிற பம்ப் ஹவுஸில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவர் உத்தியோகம். அதனால் தெருவில் அவர் வால்வுக்காரர். பெண்களில் மூத்தவள் எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்பாள். அவளுக்கு வீட்டில் கேள்விக்குறி என்று பெயர். ஒன்றாம் வகுப்புச் சின்னவள் அந்த வீட்டில் ஏறாத பொருள் கூரை மட்டும்தான். அவள் வாலு. “வேலையில ஒரு வால்வு, வீட்டுல ஒரு வாலு. ரெண்டையும் மூடறதுக்குள்ள எனக்குப் பொழுது விடிஞ்சிடுது” என்பது அவருடைய ஒரே ஜோக். அதைக் கேட்காமல் அந்த வீட்டிலிருந்து தப்பித்த விருந்தாளி இல்லை.

மனைவி தையற்காரி. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய மெஷின். ஜன்னல் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் பாதி ஜன்னல். மீதிப் பாதியை ஓர் இரும்பு பீரோ மறைத்துக்கொண்டு நின்றது. அதை அங்கேதான் வைக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. அது விழுந்த இடத்திலேயே குடியேறிவிட்டது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் வாங்கிய பீரோ. வண்டி வாசலில் வந்து நின்றதும், இன்னும் இரண்டு ஆள் வரட்டும் என்று வண்டிக்காரர் சொல்லத்தான் சொன்னார். புது மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆம்பிளைதான் இன்னும் இரண்டு ஆளுக்காகக் காத்திருப்பான்? ஒரு முனையில் வண்டிக்காரர், மறு முனையில் இவர். வாசற்படி தாண்டியாயிற்று. நடை தாண்டியாயிற்று. ஜன்னலுக்கு நேரே வந்தபோது, இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்கிற பாவனையில் மனைவியைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பீரோ அந்தச் சிரிப்பின் மேலேயே சாய்ந்தது. ‘கடக்’ என்று ஒரு சத்தம். பீரோவின் கால் முறிந்துவிட்டதென்று எல்லாரும் பதறிக் குனிந்து பார்த்தார்கள். பீரோ சௌக்கியமாக இருந்தது.

முறிந்தது வலது காறை எலும்பு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே படுத்திருக்கிற சின்ன எலும்பு.

அதற்கப்புறம் வந்த ஆறு வாரங்களை நினைத்தால் அவர் முகம் எந்த வேளையிலும் இளகிவிடும். வலது கையை மடக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வேலைக்குப் போக வேண்டியதில்லை. மனைவிதான் ஊட்டிவிட்டாள். பொத்தான் போட்டுவிட்டாள். தலை வாரிவிட்டாள். வகிட்டைத் தினமும் தப்பான பக்கம் எடுத்தாள்; அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. மூன்று மாதப் பழக்கத்தில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்றுகூட இருவருக்கும் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் பிடிபட்டது. சாயங்காலங்களில் பாதி ஜன்னலில் வருகிற பாதி வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது இருவருக்கும் ஞாபகமில்லை. பேசிக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஏழாம் வாரம் கட்டை அவிழ்த்த டாக்டர், எலும்பு அருமையாக ஒட்டிவிட்டது என்றார். அத்தனை அநியாயமான வார்த்தையை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுபடி ராத்திரி ஷிஃப்ட். அவள் விளக்குப் போடுகிற நேரத்தில் அவர் செருப்பை மாட்டுவார். அவர் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் அவள் அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் பிறந்ததும் அந்த ஓட்டம் இரட்டிப்பாயிற்று. ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்ட் குடும்பம். ஆனால் காலையில் கதவைத் திறக்கும்போது மட்டும் அவள் தவறாமல் நின்று கேட்பாள்: “எப்படி இருக்கு?” தோளைத்தான். அவர் முகத்தைக் கொஞ்சம் சுளித்து, “இருக்கு” என்பார். உட்காருங்க என்பாள். ஒரு நிமிஷம் கையை வைத்துப் பார்ப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக, அருமையாக ஒட்டிய எலும்பு பதினோரு வருஷம் வலித்தது.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் ஒரு கேரம் போர்டு வாங்கினார். ஞாயிறு மத்தியானம் ஆட்டம். வலது தோள் வலிக்கிறவன் வலது கையால் சிவப்புக் காயைக் குறி பார்த்துக் குழியில் தள்ளினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனவே வலி, மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமலே, இடது தோளுக்கு மாற்றலாகிப் போனது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் இடது தோளில் கை வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். கவனிக்கவில்லை என்று அவர் நிம்மதியடைந்தார்.

ஒரே தொல்லை, எக்ஸ்ரே படம். அதில் உடைந்திருப்பது வலது பக்கம். அவருக்கோ யார் வந்தாலும் அந்தப் படத்தைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக் காட்டாவிட்டால் சாப்பாடு இறங்காது. யோசித்துப் படத்தைத் திருப்பிப் பிடித்தார். எலும்பு கச்சிதமாக இடது பக்கம் வந்து உட்கார்ந்தது. ஓரத்தில் இருந்த ஓர் இங்கிலீஷ் எழுத்து மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம்வலம் மாறித் தெரிந்தது. யாராவது கேட்டால், “அது டாக்டரோட கையெழுத்து” என்பார். டாக்டர் கையெழுத்து என்றால் யாருக்கும் புரியாமல்தானே இருக்கும்? எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்படிப் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்த எலும்புக்கு அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆபத்து வந்தது. அவர் கிளம்புகிற நேரம். மனைவி ஊசியைப் பாதி ஜன்னலின் பக்கம் நீட்டிப் பிடித்து நூலை மூன்று தரம் கோத்துப் பார்த்தாள். மூன்று தரமும் நூல் ஊசிக்கு வெளியே போனது. பெரியவளைக் கூப்பிட்டுக் கோத்துக்கொண்டாள். அப்புறம் அவரைப் பார்க்காமலே சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை பீரோ உள்ளறைக்குப் போயாக வேண்டும், முழு ஜன்னலும் வேண்டும், கண் போகிறது.

அவர் கை தானாக இடது தோளுக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு, வெளியாள் இரண்டு பேரைக் கூப்பிடட்டுமா என்றாள். அது இன்னும் மோசம். புருஷன் வீட்டில் இருக்க பீரோ நகர்த்த ஆள் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். வேண்டாம், யோசிக்கலாம் என்றார்.

“யோசிங்க. அப்புறம், திங்கக்கிழமை பெரியவளுக்கு எலும்பு பத்திப் பரீட்சை. நீங்கதான் சொல்லித் தரணும். எனக்கு எலும்பு பத்தி என்ன தெரியும், துணி பத்தித்தான் தெரியும்.”

பீரோவையும் பரீட்சையையும் அவள் ஒரே மூச்சில் ஏன் சொன்னாள் என்று அவர் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவில் படித்துப் படித்தே அறிவாளியானவர் அவர். பம்ப் ஹவுஸ் அலமாரியில் நூலகத்துப் புத்தகம் எப்போதும் இரண்டு இருக்கும். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் உடம்பைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கரைத்துக் குடித்துவிட்டார். திட்டமும் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை பாடம். மண்டையில் ஆரம்பித்துக் காலில் முடிக்கிற மாதிரி முடித்துவிட்டு, கடைசியில் காறை எலும்புக்கு வருவது. அது எவ்வளவு மெல்லியது, ஒரு தரம் உடைந்தால் என்ன பாடு என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது. எக்ஸ்ரேயைக் காட்டுவது. பெண்கள் இருவரும் கண்ணில் நீரோடு அம்மாவிடம் போய், அப்பா பாவம், பீரோ இங்கேயே இருக்கட்டும் என்பார்கள். பெற்ற பெண்களின் கண்ணீரைத் தாண்டி எந்தத் தாய் பீரோவைத் தள்ளுவாள்?

ஞாயிறு காலை அவர் எதிர்பார்க்காத அளவுக்கு ஒத்துழைப்பு கிடைத்தது. மனைவியே சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தாள். துணியில் குறி போடுகிற வெள்ளைச் சாக்பீஸ். அவருடைய கருநீல யூனிஃபார்மை எடுத்துக் கொடுத்து, “இதைப் போட்டுக்குங்க. அதுங்க இதுமேல எலும்பு வரையட்டும். அப்பதான் மனசுல நிக்கும்” என்றாள். பீரோ மேலிருந்த எக்ஸ்ரே உறையைக்கூட அவளே இறக்கித் தூசி தட்டி வைத்தாள். தன் திட்டத்தின் மகிமை தனக்கே தெரியாமல் அவளையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அவர் பூரித்தார்.

முன்னறை நடுவில் கைகளை விரித்து நின்றார். பெரியவள் ஒரு பக்கம், நாற்காலி மேல் ஏறிச் சின்னவள் ஒரு பக்கம். அவர் பெயரைச் சொல்லச் சொல்ல அவர்கள் வரைந்தார்கள். நெஞ்சுக்கு நடுவே நெஞ்செலும்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புகள். சின்னவள் பக்கத்து விலா எலும்புகள் ஏணிப்படி மாதிரி இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டன. பன்னிரண்டுதான், நிறுத்து என்று சொல்ல வேண்டியிருந்தது. சாக்பீஸ் விலாவில் ஊர்ந்தபோது கூச்சம் தாங்காமல் எலும்புக்கூடு நெளிந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் சின்னவள் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். இன்று அவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஃபோனில் பேச்சு ஓய்கிற நேரங்களில் அந்தச் சிரிப்பைத்தான் அவர் முதலில் தேடுவார்.

“அப்பா, எலும்புக்கூடுன்னா கூட்டுக்குள்ள யாரு இருக்காங்க?” இது சின்னவள்.

சந்தர்ப்பத்தை விடுவாரா? விலா எலும்புக்கு நடுவே இதயம் இருக்கிற இடத்தைத் தொட்டு, மெஷின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்து, “உங்கம்மாதான்” என்றார்.

“அதான் எனக்கு மூச்சு முட்டுது” என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

பெரியவர்களுக்கு இருநூற்று ஆறு எலும்பு என்று சொன்னார். இருநூற்று ஆறில் ஒன்றாவது வீட்டு வேலைக்கு வளையுமா என்று மெஷின் பக்கமிருந்து ஒரு சந்தேகம் வந்தது. காதில் விழாதவர் போல மூட்டுகளுக்கு நகர்ந்தார். முழங்கை கதவு மாதிரி ஒரு பக்கம்தான் மடங்கும், அது கீல் மூட்டு. தோளும் இடுப்பும் பந்து கிண்ண மூட்டு. மண்டையோட்டில் இருப்பது அசையா மூட்டு.

“அசையா மூட்டு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா கட்டில்ல கிடக்கும்.”

பிறந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட முன்னூறு எலும்பு இருக்கும் என்று அவர் சொன்னதும் பெரியவளின் கை நின்றுவிட்டது. மீதி எங்கே போயிற்று, எப்போது விழுந்தது, யார் பெருக்கித் தள்ளினார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எதுவும் விழவில்லை, வளர வளரப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன, எண்ணிக்கைதான் குறைகிறது, எலும்பு குறைவதில்லை என்றார். சொல்லும்போதே அவர் பார்வை பாதி ஜன்னல் பக்கம் போனது, குரலில் ஈரம் ஏறியது. புத்தகத்தில் படித்தபோது அது வெறும் கணக்காகத்தான் இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தை அந்தப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

அந்த ஈரக் குரலை வீணாக்காமல் அப்படியே காறை எலும்புக்கு வந்தார்.

“காறைன்னா கழுத்துல போடற நகைதானே?” என்றாள் மனைவி. “எனக்குத்தான் ஒண்ணும் வாங்கித் தரல. உங்களுக்குப் பிறவியிலேயே போட்டு அனுப்பியிருக்காங்க.”

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. உடம்பிலேயே அடிக்கடி உடைகிற எலும்புகளில் அதுவும் ஒன்று என்றார். உடைந்தபோது கேட்ட சத்தத்தைச் செய்து காட்டினார். மழைக்காலத்தில் படுகிற பாட்டைச் சொன்னார். சின்னவளின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. வெற்றி பக்கத்தில் வந்துவிட்டது.

அப்போதுதான் மனைவி மெஷினை நிறுத்தினாள். “கண்ணு, அப்பாவுக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டு அங்க ஒரு பெருக்கல் குறி போடு. மறந்துடாம இருக்கும்.”

அவர் பெருமிதத்தோடு இடது தோளைக் காட்டினார். பெரியவள் அங்கே பெரிதாக ஒரு குறி போட்டாள். அவர் உறையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து, கேரம் போர்டு வந்த நாளிலிருந்து வந்த பழக்கத்தில் லாவகமாகத் திருப்பி, அந்தக் குறியின் மேல் வைத்துப் பிடித்தார். சாட்சியும் குறியும் பொருந்தி நின்றன.

பெரியவள் எலும்பைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தாள். “அப்பா, இந்த எழுத்து ஏன் திரும்பியிருக்கு?”

“அது டாக்டரோட கையெழுத்து.”

“நான்கூட அப்படித்தான் எழுதறேன். டீச்சர் தப்புன்னு சுழிச்சுட்டாங்க” என்றாள் சின்னவள், நாற்காலி மேலிருந்து அனுதாபத்தோடு.

பெரியவள் படத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். பாதி ஜன்னலின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் திருப்பிப் பார்த்தாள். எழுத்து நேராகி, இங்கிலீஷ் ‘ஆர்’ என்று நின்றது. ஆர் என்றால் ரைட். ரைட் என்றால் வலது. நாலாம் வகுப்புக்கு அவ்வளவு தெரியும். திரும்பி வந்து அவர் தோளில் இருந்த வெள்ளைக் குறியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி குறியைப் பார்த்தாள்.

“உடைஞ்சது வலது பக்கம். வலிக்கிறது இடது பக்கம். ஏன்ப்பா?”

வாழ்க்கையில் அந்த ‘ஏன்’ அளவுக்கு நீளமான ‘ஏன்’ எதையும் அவர் சந்தித்ததில்லை. வலி சில சமயம் பரவும் என்றார். பதினோரு வருஷமாகப் பரவுமா என்றாள். நரம்பு வழியாக என்றார். இன்றைக்கு எலும்புதானே பாடம் என்றாள். எலும்பு நடந்து போயிற்றா என்று சின்னவள் கேட்டாள். பம்ப் ஹவுஸில் வால்வுச் சக்கரத்தை எந்தக் கையால் திருப்புகிறீர்கள் என்று பெரியவள் அடுத்ததைக் கேட்டாள். இரண்டு கையாலும் என்ற உண்மை, அவர் தடுப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. தன்னுடைய தோளில் தன்னுடைய மகள் கையால் எழுதிய சாட்சி இருக்கும்போது மனிதன் எந்தப் பக்கம் திரும்புவான்?

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார், கடைசியில்.

“அம்மாதான். எக்ஸ்ரேன்னா முதல்ல ஓரத்துல இருக்கற எழுத்தைப் படி, அப்புறம் எலும்பைப் பாருன்னு நேத்து சொன்னாங்க.”

அவர் மெதுவாக மெஷின் பக்கம் திரும்பினார். அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, எலும்புக்கூட்டின் கழுத்தடியில் ஒரு முனையை வைத்து இடது தோள் வரைக்கும் அளந்தாள். பெரியவளைப் படிக்கச் சொன்னாள். ஆறு. வலது பக்கம் அளந்தாள். ஐந்தரை.

“ஒட்டின எலும்பு அரை இஞ்ச் குட்டையாத்தான் ஒட்டிச்சு” என்றாள். “கட்டு அவிழ்த்த வாரமே உங்களுக்கு நான் தைச்ச முதல் சட்டையில தெரிஞ்சுபோச்சு. அன்னியிலேர்ந்து வலது தோளை அரை இஞ்ச் கம்மியாத்தான் வெட்டறேன். கடையில வாங்கின சட்டை மட்டும் ஏன் ஒரு பக்கம் வழியுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?”

யோசித்ததில்லை. கடைச் சட்டையே மட்டம் என்று பதினோரு வருஷமாகக் கடைக்காரர்களைத் திட்டியிருக்கிறார்.

பாடம் முடிந்துவிட்டது என்று பெண்களுக்கு எப்படியோ புரிந்தது. சாக்பீஸ் கையோடு நகர்ந்து நின்றார்கள். அவருக்குப் பீரோ மறந்துபோயிற்று. தெரு மறந்துபோயிற்று. நாளைக் காலை கதவு திறக்கும், அவள் ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள் என்கிற ஒரே எண்ணம்தான் விலா எலும்புக்கு நடுவே அடைத்துக்கொண்டு நின்றது. ஒட்டிப்போன எலும்பைப் பற்றி யார் என்ன விசாரிப்பார்கள்?

“அப்பவே தெரியும்னா ஏன் கேட்கல?” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் டேப்பைச் சுருட்டினாள். சுருட்டி முடித்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டிருந்தா வலி போயிருக்கும். அப்புறம் காலையில வந்து என் பக்கத்துல உட்கார உங்களுக்கு வேற என்ன சாக்கு இருக்கு? எனக்குத்தான் என்ன இருக்கு?”

எலும்புக்கூடுகள் பேசும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

“அதனால வலி அங்கேயே இருக்கட்டும்” என்றாள் அவள். “எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கட்டும். பீரோ மட்டும் போகட்டும்.”

இதற்குமேல் எந்த ஆண்பிள்ளை என்ன செய்ய முடியும்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பீரோவிடம் போனார். தோளைக் கொடுத்தார். வலது தோளைத்தான். மூச்சை இழுத்துப் பிடித்து, பதினோரு வருஷக் கடனைத் தீர்க்கிற வேகத்தில் ஒரு தள்ளு தள்ளினார். பீரோ விருட்டென்று வழுக்கிப் போய் உள்ளறைக் கதவில் இடித்து நின்றது. அவர் அதன் பின்னாலேயே போய் அதைக் கட்டிக்கொண்டு நின்றார். பீரோ காலி. துணிமணிகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே மூட்டையாகக் கட்டி உள்ளறையில் இருந்தன. நாலு கால்களுக்கும் அடியில் பழைய கம்பளித் துணி செருகியிருந்தது. நேற்றே அம்மாவும் நாங்களும் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தோம், நல்லாப் போச்சு, அப்புறம் திருப்பிக் கொண்டுவந்து வெச்சுட்டோம் என்று சின்னவள் உற்சாகமாகச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். அப்பா தள்ளினதா இருக்கட்டும்னுதான் அம்மா சொன்னாங்க என்று பதில் வந்தது.

பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்த நாளின் நிறத்தில் இருந்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளின் நிறம். ஜன்னலின் மறுபாதிக் கதவு துருவேறி முரண்டு பிடித்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். திறந்ததும் வெயில் உள்ளே வந்து, பதினோரு வருஷமாக மிதிக்காத தரையில் நீளமாகப் படுத்தது. சின்னவள் அதில் போய்ப் படுத்துக்கொண்டாள். எலும்பெல்லாம் சுடுது என்றாள். மனைவி மெஷினை அந்த வெளிச்சத்துக்கு நகர்த்தி உட்கார்ந்து, நூல் நுனியை உதட்டில் நனைத்து, ஒரே தடவையில் கோத்தாள். அவர் பார்க்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வாசற்படியில் நின்ற அந்தப் புது மனைவியின் வயதில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது. காலைகள் எங்கும் போய்விடவில்லை என்று தோன்றியது. அந்தப் புதுத் தெம்பில், சும்மா இருக்க மாட்டாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுவரில் சாய்ந்தார். முகத்தைக் கொஞ்சம் சுளித்தார்.

“பீரோ தள்ளினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு போல.”

மனைவி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் கை வைத்து, எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் என்றார். அவள் அங்கே இதமாக அழுத்திக்கொண்டே, பெரியவளிடம் நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போட்டு அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னாள். பெரியவள் நோட்டைத் திறந்தாள்.

“பென்சில் வேண்டாம் கண்ணு. பேனாவுல எழுது.”